தொண்ணூறைத் தாண்டியவர்களிடம் கேட்டவை

37ஆம் ஒழுங்கை, வெள்ளவத்தை
7.2.1999

மதிப்புக்குரிய நேசமலர் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நான்காவது தடவையாக எழுதுகிறேன். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வீட்டுக்காரரின் தொலைபேசி அவர்களுடைய முன்னறையில் இருக்கிறது. நான் பேசத் தொடங்கினால் பாக்கியலெட்சுமி அம்மா வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

சென்ற ஞாயிறு எங்கள் ஒழுங்கையில் இருந்த உங்கள் அக்காவைக் கனடாவுக்கு வழியனுப்பிவிட்டு, ஒழுங்கை முகப்பில் நின்று நீங்கள் சொன்னதை ஒரு கிழமையாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். "அக்காவைப் பாக்க எண்டு ஆறு வருசம் ஞாயிறு தவறாமல் வந்தன். இனி என்ன சாட்டுச் சொல்லி வாறது? பேசாமல் கலியாணம் கட்டிக்கொண்டு ஒரு வீட்டில இருப்பமே?" என்றீர்கள். நான் மூன்று மாதம் தவணை கேட்டேன். வாடகை வீடு பார்க்க வந்தவன் சொல்வது போல இருந்திருக்கும். மன்னியுங்கள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்து ஆண்கள் யாரும் எழுபதைத் தாண்டியதில்லை. அப்பா அறுபத்தெட்டு. பெரியப்பா அறுபத்தொன்பது. அண்ணா அறுபத்தொன்பதும் நான்கு மாதமும். வரும் கார்த்திகையில் எனக்கு எழுபது. மூன்று தங்கைகளுக்கும் கலியாணம் முடித்துவைத்துத் தனியனாகவே இருந்துவிட்ட எனக்கு, உங்கள் கேள்வி எவ்வளவு பெரியது என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் நீங்கள் ஒரு தடவை கணவரை இழந்தவர். ஒன்பது மாத வாழ்வுக்காக உங்களை மறுபடியும் அந்த நிலைக்கு ஆளாக்க எனக்கு உரிமை இல்லை.

ஆயுட்காப்புறுதிக் கம்பனியில் முப்பத்துநாலு வருடம் மரண அட்டவணைகளோடு இருந்தவன் நான். எனக்குத் தெரிந்த வழியில்தான் யோசிக்க முடியும். யப்பானில் ஒக்கினாவா என்ற தீவில் நூறு வயதுக்காரர் பலர் இருக்கிறார்களாம். வயிறு முழுதும் நிறையுமுன் கை கழுவிவிடுகிறார்கள். வற்றாளைக் கிழங்கு சாப்பிடுகிறார்கள், தோட்டம் கொத்துகிறார்கள், கூட்டாளிகளைக் கைவிடுவதில்லை. நூலகத்தில் இதை இரண்டு முறை வாசித்தேன். கொழும்பிலும் தொண்ணூறைத் தாண்டியவர்கள் இருப்பார்கள். வயதுக்கு அத்தாட்சி உள்ளவர்களை மட்டும் கண்டு, அவர்களின் பழக்கவழக்கங்களைக் கேட்டு எழுதப் போகிறேன். அவற்றை நானும் பழகினால் எத்தனை வருடம் கூடும் என்று ஓரளவு கணிக்கலாம். அதன் பிறகு உங்களுக்குப் பதில் தருவேன்.

கேள்விகள் இருபத்திரண்டு. பிரதி இத்துடன் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் அத்தனை காலம் மருத்துவமாதாக இருந்தவர் நீங்கள். யாரையாவது தெரியுமா?

தங்கள் உண்மையுள்ள (இது கந்தோர்ப் பழக்கம், ஆனாலும் உண்மை),
க. இரத்தினசிங்கம்


கொட்டாஞ்சேனை
11.2.99

மிஸ்டர் இரத்தினசிங்கம்,

ஓம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியை நான் கேட்டேன். நீங்கள் இருபத்திரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறீர்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

பயம் என்று சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். எனக்காகப் பயம் என்றபடியால் மூன்று மாதம் தருகிறேன்.

ஆட்கள் இருக்கிறார்கள். வத்தளையில் செபஸ்தியன், துறைமுகத்தில் வேலை செய்தவர், தொண்ணூற்றிரண்டு. தெஹிவளையில் ஸமீமா உம்மா, தொண்ணூற்று மூன்று. அவருடைய பேரன் ஷிப்லி அங்கே மருந்துக்கடை வைத்திருக்கிறார், என் பெயரைச் சொல்லுங்கள். எல்லாருக்கும் மேலாக, ஜிந்துப்பிட்டியில் ஆறாயி. அடையாள அட்டைப்படி சரியாக நூறு. முருகன் கோயிலடியில் பூ விற்கிறார். ஆறாயியிடம் நான் போகிறேன். நீங்கள் கோப்போடு போனால் ஏதோ கந்தோர் ஆள் என்று நினைத்து வாய் திறக்கமாட்டார். அதோடு உங்கள் பதினேழாம் கேள்வி மலச்சிக்கல் பற்றியது. அதை நீங்கள் ஆறாயியிடம் கேட்பதைக் காண எனக்கு ஆசைதான், ஆனால் நீங்கள் உயிரோடு திரும்பவேண்டும்.

இருபத்துமூன்றாவதாக நான் ஒன்று சேர்த்திருக்கிறேன்: "உங்களோடு தினமும் சண்டை பிடிக்கிறவர் யார்?"

வத்தளைக்குப் போகும்போது அடையாள அட்டையோடு பொலிஸ் பதிவுத் துண்டையும் எடுத்துப்போங்கள். பாலத்தடியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து இறக்கிப் பார்க்கிறார்கள்.

நேசமலர்


வெள்ளவத்தை
1.3.1999

அன்புள்ள நேசமலர் அவர்களுக்கு,

இராணுவச் சுற்றிவளைப்பினால் ஒரு ஞாயிறு வீணானது. மற்றபடி இருவரையும் கண்டுவிட்டேன். முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. என் கேள்விகளில்தான் பிழையோ தெரியாது.

ஸமீமா உம்மா தேநீருக்கு மூன்று கரண்டி சீனி போடுகிறார். உலாவப் போவதே இல்லை. சோர்ந்துபோய்ப் பேனையை மூடினேன். அப்போது தொழுகை நேரம் வந்தது. தொண்ணூற்று மூன்று வயதில், யாரையும் பிடிக்காமல், தரையில் இருந்து எழும்பினார், குனிந்தார், மீண்டும் இருந்தார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று பேரனிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். நான் கதிரையிலிருந்து எழும்பவே மேசையைப் பிடிக்கிறவன். உங்கள் இருபத்துமூன்றாம் கேள்விக்கு அவர் சொன்னது: "மகன், நான் ஒருத்தரோடயும் கோவத்தோட படுக்கிறல்ல. காலைல எழும்பினப் பொறகுதான் கோவிக்கிற." அறுபத்தொன்பது வயதில் என்னை ஒருவர் மகன் என்று கூப்பிட்டார். பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்து, இறங்க வேண்டிய தரிப்பைத் தவறவிட்டேன்.

செபஸ்தியன் அரை மைல் நடந்து காலைப் பூசைக்குப் போகிறார். சாப்பாட்டில் மீனும் கீரையும் நிறைய. இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கு, அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். ஞாயிறுகளில் ஒரு சிறிய கிளாஸ் சாராயம். நித்திரை பற்றிக் கேட்டேன். "எட்டு மணிக்குப் படுத்தா நியூஸ் கேக்கத் தேவையில்லை தம்பி" என்றார். சண்டை யாரோடு என்றதற்கு, மருமகளும் மகளும் ஒருவரையொருவர் கை காட்டினார்கள்.

நானும் பழகத் தொடங்கிவிட்டேன். முக்கால் வயிற்றோடு எழும்புகிறேன். கறி சரியில்லையா என்று, எனக்குச் சமைத்துத் தரும் பாக்கியலெட்சுமி அம்மா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. காலையில் கடற்கரைப் பக்கம் நடக்கிறேன். முதல் நாள் இராணுவப் பையன் மறித்து, எங்கே போகிறாய் என்று கேட்டான். பதற்றத்தில் எனக்குச் சிங்களம் எல்லாம் குழம்பி, நிறைய நாள் உயிரோடு இருக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவன் மற்றவனைக் கூப்பிட்டு அதைத் திரும்பச் சொல்ல வைத்தான். இருவரும் சிரித்தார்கள். இப்போது தினமும் "யன்ன சீயா, யன்ன", போங்கள் தாத்தா, என்று வழி விடுகிறார்கள். இந்த ஒரு மாதத்தில் இடுப்புப்பட்டியில் ஒரு துளை உள்ளே போயிருக்கிறது.

ஆறாயியின் பதில்களுக்குக் காத்திருக்கிறேன். நூறு வயது என்பது என் அட்டவணைக்கு மிகப் பெரிய பலம்.

அன்புடன்,
இரத்தினசிங்கம்


கொட்டாஞ்சேனை
8.3.99

அன்புள்ள இரத்தினசிங்கம்,

உங்கள் கடிதத்தைப் பக்கத்து வீட்டாருக்கும் வாசித்துக் காட்டினேன். சொந்த விஷயங்களை விட்டுவிட்டுத்தான்.

ஆறாயி காலையில் குரக்கன் கஞ்சி குடிக்கிறார். மத்தியானம் சோறு, கீரை, கருவாடு. வெற்றிலை எந்நேரமும். ஒரு நாளில் மூன்று தடவை கோயிலுக்கும் வீட்டுக்கும் நடக்கிறார், இரண்டு வாளித் தண்ணீர் தானே தூக்குகிறார். பதினேழாம் கேள்விக்கு அவர் தந்த பதிலை எழுதமுடியாது. ஆரோக்கியமான பதில்.

இருபத்துமூன்றாம் கேள்விக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பைப்படியில ஒருத்தி இருக்கா. நாப்பது வருசமா அவளுக்கும் எனக்கும் ஆகாது. அவ செத்துட்டான்னா எனக்குப் பொழுது போவாதும்மா" என்றார். போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது இவர்தான் கஞ்சி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்து, கொடுத்த இடத்திலேயே சண்டையும் பிடித்துவிட்டு வந்தாராம்.

அடையாள அட்டையைப் பார்த்தேன். பிறந்த வருடம் 1899. உங்களுக்கு அத்தாட்சி போதும்தானே?

நேசமலர்


வெள்ளவத்தை
21.3.1999

அன்புள்ள நேசமலர்,

கணக்கு முடிந்தது. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். குறைந்த இரவுச் சாப்பாடு, நடை (ஸமீமா உம்மாவுக்கு அதற்குப் பதில் தொழுகை), கையால் செய்யும் தினசரி வேலை, எப்போதும் ஒருவரோடு கதைத்தல் இவை நான்கும் மூவருக்கும் பொது. முதல் மூன்றையும் நான் பழகிவிட்டேன். ஆறாயியின் நூறைச் சேர்த்தால் எனக்கு எண்பத்தொன்று வருகிறது. அவரை விட்டால் எழுபத்து மூன்றுதான். நல்ல காலம், விட வேண்டியதில்லை.

பதினொரு வருடத்துக்கு மேல். அது ஒருவரிடம் கேட்டுத் தரக்கூடிய காலம் என்று நினைக்கிறேன். புத்தாண்டுக்கு முன் என் பதில் உங்களிடம் வரும். அது என்ன என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். 

இரத்தினசிங்கம்


கொட்டாஞ்சேனை
29.3.99

அன்புள்ள இரத்தினசிங்கம்,

இந்தக் கடிதத்தை எழுதாமல் விட்டிருந்தால் உங்கள் "ஓம்" எனக்குக் கிடைத்திருக்கும். இரண்டு நாள் யோசித்தேன். அப்படிக் கிடைக்கிற ஓம் எனக்கு வேண்டாம்.

ஆறாயிக்கு நூறு வயது இல்லை.

வெள்ளிக்கிழமை கோயிலடியில் அவருடைய கடைசி மகள் ராக்கம்மாவைக் கண்டேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்துவிட்டது. 1958ஆம் ஆண்டு, நான் வேலைக்கு வந்த புதிதில், அவளைப் பெறுவித்தது நான். அட்டைப்படி அப்போது ஆறாயிக்கு ஐம்பத்தொன்பது. ஐம்பத்தொன்பதில் பிள்ளை பெற்றவரை நான் என் சேவையில் கண்டதில்லை. ஆறாயியை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய்க் கேட்டேன். மறைக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில் மூத்த அக்காவுக்கு மட்டும்தான் பிறப்புத் துண்டு இருந்ததாம். அக்கா செத்துப்போனார். பிரஜாவுரிமைக்கு எழுதும்போது வேறு துண்டு இல்லாததால் அதையே இவருக்கு வைத்து எழுதிவிட்டார்கள். உண்மையில் வயது எண்பத்துநாலு. "அக்கா வயசையும் சேத்துத்தான் வாழுறேன்" என்றார்.

இதை யாருக்கும் சொல்லவேண்டாம். இந்தக் காலத்தில் ஒருவரின் அட்டையில் கைவைப்பது நல்லதல்ல.

உங்கள் கணக்குப்படி உங்களுக்கு இப்போது ஆயுள் எழுபத்து மூன்று. அப்படித்தானே? எனக்கு அறுபத்துநாலு. நான் உங்களுக்கு முன்னே போகமாட்டேன் என்று எந்த அட்டவணை சொல்கிறது? அதை நீங்கள் கேட்கவே இல்லை.

எல்லாரிடமும் அத்தாட்சி கேட்டீர்கள். உங்களுடையதை ஒருவரும் பார்க்கவில்லை. சாதகம் இருந்தால் அனுப்புங்கள், பொருத்தமாவது பார்த்துச் சிரிக்கலாம்.

நேசமலர்


வெள்ளவத்தை
16.4.1999

அன்புள்ள நேசமலர்,

புத்தாண்டு வாழ்த்துகள். தாமதத்துக்குக் காரணம் பயமல்ல என்று எழுத நினைத்தேன். கொஞ்சம் பயமும்தான்.

ஆறாயியின் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். அன்று பகல் முழுதும் ஒன்றும் செய்யவில்லை. பிறகு நினைத்தேன்: எண்பத்துநாலு வயதில் இரண்டு வாளித் தண்ணீர் தூக்கி, எதிரிக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கிறவருக்கு நூறு எதற்கு? அந்த நூறு எனக்குத்தான் தேவையாக இருந்தது. அன்று மாலையே ஒரு தாளில் "ஓம்" என்று எழுதினேன். தபாலில் போடத் துணிவு வரவில்லை. அந்தத் தாள் இதற்குள் இருக்கிறது. திகதியைப் பாருங்கள், முதலாம் திகதி. இனிச் சொல்லப்போவதற்கு முன்பே அதை எழுதிவிட்டேன் என்பது உங்களுக்குத் தெரியவேண்டும்.

நீங்கள் பகிடிக்குச் சாதகம் கேட்டீர்கள். என் கலியாணத்துக்கு என்று அம்மா மஞ்சள் துணியில் கட்டி வைத்தது, பெட்டியின் அடியில் கிடந்தது. கலியாணம் வராததால் அவிழ்க்கவில்லை. புத்தாண்டன்று அவிழ்த்தேன். பிரபவ வருடம், கார்த்திகை பதினைந்து. நூலகத்துப் பழைய பஞ்சாங்கத்தில் இரண்டு தடவை பார்த்தேன். அது 1927. என் எல்லாப் பத்திரங்களிலும் 1929 என்றே இருக்கிறது. பிறப்பைப் பிந்திப் பதிந்தவர் அப்பா. பரீட்சை எழுத இன்னும் இரண்டு வருடம் இருக்கட்டும் என்று அப்போது பள்ளிக்கூடங்களில் செய்ததை அவரும் செய்திருக்கிறார்.

நேசமலர், எனக்கு எழுபத்தொன்றும் முடிந்துவிட்டது. எழுபதைத் தாண்டிய நாளில் என்ன செய்தேன் என்று நாட்குறிப்பைப் புரட்டினேன். 30.11.1997, ஞாயிறு: "மழை. குடையை நூலகத்தில் மறந்தேன். நேசமலர் பருத்தித்துறை வடை தந்தார். நன்று." அவ்வளவுதான்.

என் வயதைக் குறைத்தவர்கள் அப்பாவுக்கு எவ்வளவு குறைத்திருப்பார்கள், அண்ணாவுக்கு எவ்வளவு? எங்கள் வீட்டில் யார் எத்தனை வயதில் போனார்கள் என்பதே எனக்குத் தெரியாது. முப்பத்துநாலு வருடம் ஊரார் வயதுக்கெல்லாம் அத்தாட்சி கேட்டவன் நான். நடையையும் முக்கால் வயிற்றையும் விடப்போவதில்லை. அவை உடம்புக்கு நன்றாக இருக்கின்றன. கணக்கை மட்டும் விட்டுவிட்டேன்.

என் அறை ஒருவருக்கே போதாது. ஆகையால் நான் அங்கே வருகிறேன், நீங்கள் சம்மதித்தால். வீட்டில் புதிதாக ஒருவர் வந்தால் பொலிஸில் பதியவேண்டும். படிவத்தில் என் பகுதியை நிரப்பி, அடையாள அட்டையின் பிரதியோடு அனுப்புகிறேன். பிரதான குடியிருப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர். "அவருக்கு என்ன உறவு" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமையாக விட்டிருக்கிறேன்.

உங்கள்,
இரத்தினசிங்கம்


கொட்டாஞ்சேனை
25.4.99

என் இரத்தினசிங்கம்,

கடிதம் கண்டேன். முதலில் அழுதேன், பிறகு எழும்பிப் படிவத்தை எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போனேன்.

உறவு என்ற கட்டத்தில் "கணவர்" என்று எழுதியிருந்தேன். மேசையில் இருந்த சார்ஜன்ட் அடையாள அட்டைகளைப் பார்த்தார். இருவருக்கும் விலாசம் வேறு, குடும்பப் பெயரும் வேறு. எப்போது கலியாணம் நடந்தது என்று கேட்டார். இன்னும் நடக்கவில்லை என்றேன். அப்படியென்றால் எப்போது என்றார். நான் அவருக்குப் பின்னால் தொங்கிய கலண்டரைப் பார்த்து, மே பன்னிரண்டு, புதன்கிழமை என்று சொல்லிவிட்டேன். அவர் பேனையை வைத்துவிட்டு, "ஆங், நோனாவுக்குச் சுபப் பத்தும்" என்று சிங்களமும் தமிழுமாக வாழ்த்தி, திகதியைத் தன் புத்தகத்திலும் எழுதிக்கொண்டார்.

வரும் வழியில் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்கக் கேட்டு வைத்திருக்கிறேன். அதற்கு நீங்கள் முன்னதாகவே ஒரு நாள் வந்து கையெழுத்துப் போடவேண்டும். எந்த நாள் வசதி என்று எழுதிக் கேட்டுக்கொண்டிருக்காமல் பஸ் ஏறுங்கள். பொலிஸுக்குச் சொன்ன திகதி பொய்யாகப் போனால், இருக்கிற நிலைமையில் எனக்குத்தான் கரைச்சல்.

உங்கள்,
நேசமலர்