எங்கள் தெரு மேல் போன நீலக்கோடு

ஜூன் 9
கோவில்பதாகை ஸ்டாப்பில் எதிர்வீட்டு எவாஞ்சலின் அக்கா போனை நீட்டினாள். காலநிலைத் திட்ட வரைவாம். வெள்ளம் வடிய அகலமாகக் கால்வாய் வெட்டப்போகிறார்கள். வரைபடத்தில் நீலக்கோடு எங்கள் இருபத்திரண்டு வீடுகள் மேலேயே போகிறது. கருத்துச் சொல்ல இணையத்தில் 20ஆம் தேதிவரை இடம் உண்டாம்.

கால்வாய் வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு நாள் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தவள்தானே நான்.

ஜூன் 10
பீரோவிலிருந்து பட்டாவை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே வைத்தேன்.

ஜூன் 12
போனிடம் பேசினால் அதுவே டைப் அடித்துக்கொள்கிறது. கருத்துப் பக்கத்தில் போட்டேன்: ‘தண்ணீர் எங்கள் தெரு வழியாக வருவதில்லை. பின்னால் பட்டறை மதிலோரம் வருகிறது. அங்கிருந்த வாய்க்காலை மூடிவிட்டார்கள். — நாகவல்லி.’

அரைமணியில் யாரோ பதில்: ‘ஆக்கிரமிப்பாளர்களுக்கு இங்கே என்ன பேச்சு?’

பட்டா கீதுய்யா எங்ககிட்ட! இன்னா தெரியும் உனுக்கு? திட்டி அடிச்சேன். அழிச்சேன். மறுபடி அடிச்சேன் — அழிச்சேன்.

ஜூன் 13
“இன்னாத்துக்கு வம்பு? பேர எடுத்துடு,” என்றார் இவர். ஒரு மணி நேரம் கழித்து அவரே போனோடு வந்தார். டிசம்பரில் மொட்டைமாடியிலிருந்து பிடித்த வீடியோக்கள். “இத்தப் போடு. எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்கட்டும்.”

பெயரை எடுக்கவில்லை. வீடியோவைப் போட்டேன்.

ஜூன் 16
பதில்! கிருஷ்ணப்பிரியா, திட்டத்தின் இன்ஜினியர். ‘அம்மா, எங்கள் கணக்கில் தண்ணீர் எதிர்த்திசையில் போகிறது. நேரில் வந்து பார்க்கலாமா?’

எவாஞ்சலின் அக்கா நாலு தடவை படிக்கச் சொன்னாள்.

ஜூன் 19
வந்தாள். சின்னப் பெண். முள்செடிக்குள் இறங்கி நடந்தாள். மதிலோரம் சிமென்ட் பலகையைப் பெயர்த்துக் காட்டினோம் — அடியில் பழைய வாய்க்கால், கழுத்துவரை மண். போட்டோ எடுத்தாள், அளந்தாள்.

“இப்போ எதுவும் சொல்ல முடியாதுக்கா. பார்த்ததை எழுதுறேன்.”

ஜூலை 11
ஒன்றும் இல்லை. தினமும் திறந்து பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 4
திருத்திய வரைவு வந்துவிட்டது. கம்பெனி கேண்டீனில் சாப்பிட்ட கையோடு, இடது கையால் திறந்தேன். கோடு மதிலோரம் நகர்ந்திருக்கிறது. கீழே பொடி எழுத்தில்: ‘குடியிருப்போர் தந்த வீடியோக்களின்படி மாற்றப்பட்டது.’

இவருக்குப் போன் போட்டேன். மூக்கை உறிஞ்சினேன். “ஏய், இன்னா ஆச்சு? அழுவுறியா?”

“நகந்துடுச்சிய்யா.”

“படத்த அனுப்பு, நானே பாக்குறேன்,” என்றார்.

அக்டோபர் 22
மழை. வாசலில் கணுக்கால் தண்ணீர். வேலை தை மாதம்தான் தொடங்குமாம். இவர் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஃபிரிட்ஜுக்கு அடியில் செங்கல் வைக்கிறார்.

இணையப் பக்கத்தில் அடுத்த பகுதி வரைவுக்குக் கருத்துக் கேட்கிறார்கள். மேனாம்பேட்டிலிருந்து ஒரு பெண்: ‘எங்க தெரு மேலயும் கோடு போகுதுக்கா. என்ன எழுதுறதுன்னே தெரியல.’

‘ஞாயித்துக்கிழம வரேன். தண்ணி எங்க நிக்குதுன்னு காட்டு,’ என்று பதில் போட்டேன்.