இடப்பக்கத்துக் கேபின்

லண்டன்
7-11-1965

என் பிரியமுள்ள நூர் நிஷாவுக்கு,

இனாயத்துல்லா எழுதுவது. நான் சுகம். உன் சுகம் உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் தெரியும். நீ எழுதி ஒரு மாதம் ஆகிறது.

நல்ல சேதி. உன்னை இங்கே அழைத்துக்கொள்ளக் காகிதங்கள் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. ஜனவரிக் கப்பலில் புறப்பட்டு வா. ஐந்து வருஷம் ஆகப் போகிறது, இனி என்னால் முடியாது. தோல் பட்டறையில் இருக்கும்வரை பேச்சுக்கு ஆள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் விடிந்து அடைகிறது. போன வாரம் கெட்டிலோடு பேசிக்கொண்டிருந்தேன். சிரிக்காதே.

டிக்கெட் எடுக்கும்போது ஒன்றை மறக்காதே. கப்பலின் இடப்பக்கத்துக் கேபினாகக் கேட்டு வாங்கு. வலப்பக்கம் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். மத்தியானம் ஆனால் அந்தப் பக்கத்துக்காரர்கள் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு கிடந்தார்கள். என் ஜன்னலில் வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நீ சூடு தாங்க மாட்டாய், அதனால்தான் இத்தனை சொல்கிறேன்.

உன்
இனாயத்துல்லா

*

தாராவி, பம்பாய்
20-11-1965

அன்பு மச்சானுக்கு,

நூர் நிஷா ஸலாம் சொல்லி எழுதுவது. உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். மடிப்பு கிழிந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக் கோமதியம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, சயானில் லோக்கல் ரயில் பிடித்து போரிபந்தரில் இறங்கி, கப்பல் ஆபீசுக்குப் போனேன். கிளார்க் மாட்டுங்காக்காரர், தமிழ்தான். இடப்பக்கம் வேண்டும் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இங்கேருந்து போறவா யாரும் இடது பக்கம் கேக்க மாட்டாம்மா. வழி பூரா சூரியன் அந்தப் பக்கம்தான். அங்கேருந்து வரவாதான் இடது பக்கம் கேப்பா" என்றார். நான் விடவில்லை. என் வீட்டுக்காரர் போய்ப் பார்த்தவர், உங்களுக்குத் தெரியாது என்று சண்டை பிடித்தேன். வெளியே வந்ததும் கோமதியம்மாள், "ஏட்டி, ஒம் மாப்பிள்ளை கப்பலையே திருப்பிப் போட்டுட்டாரே!" என்று ஸ்டேஷன் வரைக்கும் கேலி செய்தாள்.

இரண்டு பக்கமும் ஒவ்வொரு கேபின் பிடித்து வைத்திருக்கிறார்கள். டிசம்பர் பதினைந்துக்குள் எது என்று சொல்ல வேண்டுமாம். எதைச் சொல்லட்டும்?

ஒரு சந்தேகம். நீங்கள் போனபோது கப்பலின் அடியில், ஜன்னலே இல்லாத இடத்தில், எட்டுப் பேரோடு படுத்துப் போனதாகத்தானே எழுதியிருந்தீர்கள்? இந்த இடப்பக்கத்து ஜன்னல் எங்கிருந்து வந்தது மச்சான்?

உங்கள்
நூர் நிஷா

*

லண்டன்
29-11-1965

என் நூர் நிஷாவுக்கு,

கிளார்க் சொன்னபடி வலப்பக்கமே எடு. ஜன்னல் விஷயம் இங்கே யாரோ சொல்லக் கேட்டது. அதைப் போய் ஒரு பேச்சாக வைத்துக்கொண்டு நாளைக் கடத்தாதே. கேபின் போய்விட்டால் அடுத்த கப்பலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இங்கே குளிர் கடுமை. கம்பளிச் சட்டை அங்கேயே வாங்கிவிடு. நம் சபுராவின் படம் உன்னிடம் ஒன்று இருக்கிறது அல்லவா, அதையும் எடுத்து வா. பிள்ளை மௌத்தாகி இரண்டரை வருஷம் ஆகிவிட்டது. நான் கைப்பிள்ளையாக விட்டு வந்த முகம்தான் எனக்குத் தெரியும். நடந்து திரிந்த முகம் தெரியாது.

சீக்கிரம் எழுது.

இனாயத்துல்லா

*

தாராவி, பம்பாய்
10-12-1965

மச்சானுக்கு,

இரண்டு கேபினையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், கடிதம் முழுவதும் நீங்கள் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

யாரோ சொல்லக் கேட்டவர் 'என் ஜன்னல்' என்று எழுத மாட்டார். அங்கிருந்து இங்கே வருகிறவர்களுக்குத்தான் இடப்பக்கம் குளிர்ச்சி. நீங்கள் ஒரு தடவை வந்திருக்கிறீர்கள்.

எப்போது என்றும் தெரிந்துகொண்டேன். சபுரா போய்விட்டாள் என்ற தந்திக்கு, லீவு கிடைக்கவில்லை என்று இரண்டு வரி எழுதினீர்கள். பிறகு மூன்று மாதம் கடிதமே இல்லை. நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி, தெருமுக்கில் மன்சூர் அலியின் டீக்கடையில் வைத்துப் போவோர் வருவோருக்கெல்லாம் சோறு கொடுத்தோம். அன்று சாயங்காலம் மன்சூர் அலி என்னிடம் வந்தார். "ஏளா, ஒம் மாப்பிள்ளை சாடையில ஒருத்தன், கோட்டு போட்டவன், நம்ம சோத்தை வாங்கித் தின்னுட்டு, தட்டையும் கழுவி வச்சிட்டு ஸ்டேஷன் பக்கமாப் போறான்" என்றார். நான் அவரை ஏசினேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனுஷனைக் கண்டேன் என்று சொல்லி என்னை ஏன் கொல்கிறீர்கள் என்று கத்தினேன். நேற்றுப் போய் அவரிடம் மாப்புக் கேட்டேன்.

பெற்ற பிள்ளையின் நாற்பதாம் நாள் சோற்றை வழிப்போக்கனைப் போல நின்று தின்றுவிட்டுப் போனீர்களே! வீடு கூப்பிடு தூரம். கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை. கூட உட்கார்ந்து அழ ஒரு ஆள் இருந்திருந்தால் எனக்குப் போதுமாக இருந்திருக்கும்.

திரும்பிப் போனபோது வலப்பக்கம்தான் குளிர்ச்சியாக இருந்திருக்கும். அது உங்களுக்குத் தெரியவே இல்லை. எந்தப் பக்கம் வெயில் அடித்தது என்றுகூடப் பார்க்காமல் போயிருக்கிறீர்கள். அதை நினைக்கும்போது மட்டும் என் கோபம் கொஞ்சம் இறங்குகிறது.

ஆனாலும் நான் வர மாட்டேன். பிள்ளையின் கபர் இங்கே இருக்கிறது. இந்த வாசலில் என் முகத்தைப் பார்க்க முடியாதவர் அந்த ஊரில் ஒரு சின்ன அறைக்குள் எப்படிப் பார்ப்பீர்கள்? அங்கே நாம் இரண்டு பேரும் கெட்டிலோடுதான் பேசிக்கொண்டிருப்போம். படத்தையும் அனுப்ப மாட்டேன். அவள் நடந்து திரிந்த முகம் வேண்டும் என்றால் இங்கே வந்து பாருங்கள்.

வந்தால் மன்சூர் அலி கடையில் நின்றுவிடாதீர்கள். நேரே வீட்டுக்கு வாருங்கள்.

டிக்கெட் இடப்பக்கமே எடுங்கள். அந்த வழி உங்களுக்குத் தெரியும்.

நூர் நிஷா