காரணம்: கவனக்குறைவு

இன்று மத்தியானம் ஒரு ஃபிட்டர் மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டு என் அறைக்கு வந்தான். கொப்புளத்தைக் கழுவக் குனிந்தபோது அவன் சட்டையிலிருந்து அந்த வாடை வந்தது. பிரேக் கருகும் வாடை. ரப்பர் எரிந்தது போல, அடியில் ஆயில் நாற்றத்தோடு. பஞ்சைப் பிடித்திருந்த என் கை நின்றுவிட்டது. "இன்னா சிஸ்டர், ரொம்ப மோசமா இருக்குதா?" என்று பயந்துபோய்க் கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

உன்னை நினைத்தால் முதலில் பஸ்தான் வருகிறது. நீ தாமலிலிருந்து ஸ்கூட்டரில் வந்து காஞ்சிபுரத்தில் வண்டியை நிறுத்துவாய். நான் பெரிய காஞ்சிபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸில் மூன்றாவது சீட்டு நம்முடையது. உன் பக்கத்தில் உட்காரத் தொடங்கிய முதல் வாரமே, பின்னாலிருந்து உன் தோளில் கை வைத்தவனின் மூக்கை டிபன் பாக்ஸால் உடைத்தாய். சாம்பார் அவன் சட்டையெல்லாம் வழிந்தது. "எனக்கு இன்னிக்கு சோறு போச்சு. உன் டப்பாவைத் தொற," என்றாய் என்னிடம். அப்படித்தான் சிநேகம் ஆனோம்.

அந்தத் தொழிற்சாலையில் கார்களுக்கான இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷின்கள் இருந்தன. நான் முதலுதவி அறை நர்ஸ். நீ மெயின்டெனன்ஸ் ஆபீஸில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எந்த மெஷினில் என்ன பழுது, யார் சரிசெய்தது என்பதெல்லாம் உன் கம்ப்யூட்டரில் ஏறும். எந்த மெஷினில் யாருக்கு அடிபட்டது என்பது என் நோட்டில் இருக்கும். எந்த மெஷினில் எந்த வேலை ஓடியது என்பது ஷிஃப்ட் சூப்பர்வைசரின் தாளில் இருக்கும். மாதக் கடைசியில் மூன்றும் உன் மேஜைக்கு வரும். நீ டைப் அடித்தால் கம்ப்யூட்டர் கலர் கலராக வட்டம் போட்டுக் கொடுக்கும். காயங்களுக்கான வட்டத்தில் முக்கால்வாசி ஒரே கலர்தான், 'காரணம்: கவனக்குறைவு'. புரொடக்‌ஷன் மேனேஜர் அதை மீட்டிங்கில் திரையில் காட்டுவார். எல்லோரும் தலையாட்டுவார்கள். அதோடு அடுத்த மாதம்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் நோட்டோடு வந்து நின்றாய்.

"ஏன்டி, 'கவனக்குறைவு'ன்னு யாரு சொல்லி எழுதுற?"

"சூப்பர்வைசர் சொல்றதுதான்."

"அடிபட்டு வர்றவங்க இன்னா சொல்றாங்க?"

"பட்டனை உட்ட பொறவும் மெஷின் தானா இன்னொரு தபா இறங்கிச்சின்றாங்க."

"அத எங்க எழுதுற?"

"அதுக்குக் கட்டமே இல்லையே."

நீ நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டாய். ஒரு வாரம் பஸ்ஸில் நீ பேசியதெல்லாம் அதைப் பற்றித்தான். மூன்று இடத்துத் தேதிகளையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தாயாம். "உன் நோட்டுக்கு என் கம்ப்யூட்டரைத் தெரியாது. என் கம்ப்யூட்டருக்கு உன் நோட்டைத் தெரியாது. வருஷக்கணக்கா பக்கத்துப் பக்கத்து ரூம்ல கெடக்குதுங்க. நாம தாண்டி ரெண்டத்தையும் பேச வைக்கணும்," என்றாய். நீ பேச வைத்தாய். தாள் சொன்னது இதுதான். ஏழாம் நம்பர் மெஷினில் கனமான தகடு ஓடும் நாட்களில் பிரேக் சூடாகிறது. ஃபிட்டர் வந்து இறுக்கிவிட்டுப் போகிறார். இரண்டு நாள் பிடிக்கிறது. மறுபடி நழுவும்போது மேலே நிற்கவேண்டிய இரும்புத் தலை தானாக இறங்குகிறது. அந்த நாட்களில்தான் என் நோட்டில் நகம் பெயர்ந்தவர்களும் விரல்நுனி நசுங்கியவர்களும் வரிசையாக இருந்தார்கள். ஒருவரும் கவனக்குறைவானவர் இல்லை. அதுவரை எல்லோரும் மயிரிழையில் கையை இழுத்துக்கொண்டவர்கள், அவ்வளவுதான்.

அந்த ஒரு பக்கத்தை மேனேஜரிடம் கொடுத்தாய். அவர் படித்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. "உன்னை டைப் அடிக்கத்தானம்மா வச்சிருக்கோம்," என்று திருப்பிக் கொடுத்தார். நீ அதைக் கம்ப்யூட்டரில் ஏழாம் நம்பரின் பக்கத்திலேயே சேர்த்து வைத்தாய். "யாராவது ஒரு நாள் தொறப்பான்," என்றாய்.

பதினோராவது நாள்வரை ஒருவரும் திறக்கவில்லை.

தேவிக்கு இருபத்து நாலு வயது. ஏழாம் நம்பரில் நின்றாள். தகட்டை எடுக்க வலது கையை நீட்டியபோது இரண்டாவது அடி விழுந்தது. நான் ஓடிப் போனபோது அவள் கத்தவில்லை. சுற்றி நின்றவர்கள்தான் கத்தினார்கள். மெஷினின் இரும்புத் தலையைத் தூக்கிக் கையை எடுக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். கையுறைக்குள் இருந்ததை நான் கை என்று சொல்லமாட்டேன். புடவைக்கடை விளம்பரம் அச்சடித்த ஒரு துண்டால் முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். ரத்தம் அதையும் தாண்டி என் முகத்தில் அடித்தது. நீ அவள் தலையை மடியில் வைத்திருந்தாய். அவள் உன்னைப் பார்த்து ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள், "அக்கா, என் செருப்பு எங்க? என் செருப்பு எங்க?" நீ உன் செருப்பைக் கழற்றி அவள் காலில் மாட்டிவிட்டாய்.

ஆம்புலன்ஸ் போனபின் வெறுங்காலோடு உன் சீட்டுக்குப் போயிருக்கிறாய். வருகைப் பதிவின் திரை திறந்திருந்ததாம். தேவி வெளியே போகும்போது விரல் வைக்கவில்லை அல்லவா? அதனால் கம்ப்யூட்டர் கணக்கில் அவள் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் பெயருக்கு நேரே பச்சை விளக்கு. நீ அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழாம் நம்பர் ஓடும் சத்தம் கேட்டது.

தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, வேஸ்ட் துணியால் துடைத்து, வேறொரு பெண்ணை அங்கே நிறுத்தியிருந்தார்கள். நீ ஓடிவந்து அவளைப் பிடித்து இழுத்தாய்.

"சார், அத ஓட்டாதீங்க."

"ஆர்டர் நிக்குது. தள்ளிப் போ," என்றார் மேனேஜர்.

"இன்னொரு கையும் வேணுமா சார்?"

"இவளை வெளிய அனுப்புங்கப்பா!"

சுவரில் மாட்டியிருந்த பெரிய ஸ்பேனரை நீ எடுத்தது யாருக்கும் தெரியவில்லை. முதல் அடி கன்ட்ரோல் பேனலின் கண்ணாடியில் விழுந்தது. அடுத்தடுத்து பொத்தான்கள், விளக்குகள், உள்ளே இருந்த சர்க்யூட் அட்டைகள். நெருப்புப் பொறி பறந்தது. மெஷின் பாதி வழியில் செத்து நின்றது. அதன் பிறகும் நீ நிறுத்தவில்லை. ஸ்பேனர் கையிலிருந்து வழுக்கி விழுந்த பிறகு கையாலேயே குத்தினாய். உன்னைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு செக்யூரிட்டி அறைக்குப் போனார்கள். கதவு முழுசாகச் சாத்தவில்லை. மேனேஜர் அறைந்ததை நான் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் இடது பக்கம். நான் வராண்டாவில் நின்றேன். உள்ளே வரவில்லை.

உன் காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. என் அறைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். மேனேஜர் வாசலில் நின்று, "ஸ்லிப் ஆயி விழுந்தாங்கன்னு எழுதுங்க சிஸ்டர். உங்களுக்கும் குடும்பம் இருக்குதுல்ல," என்றார். என் வீட்டுக்காரர் அப்போது வேலையில்லாமல் இருந்தார். இரண்டு பிள்ளைகள். இதையெல்லாம் சொல்லி உன்னிடம் தப்பிக்கப் பார்க்கவில்லை. எழுதினேன். 'தவறி விழுந்தார். காரணம்: கவனக்குறைவு.' நீ எட்டிப் பார்த்துப் படித்தாய்.

"என்னையும் அந்த வட்டத்துல சேத்துட்டியாடி?"

அவ்வளவுதான் கேட்டாய். அன்றே உன்னை வேலையிலிருந்து எடுத்தார்கள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் கொதிக்கிறது. உடைந்த பேனலை மாற்ற மெஷின் செய்த கம்பெனியிலிருந்தே ஆள் வந்தார். பேனலை மட்டும் மாற்றிவிட்டுப் போக மாட்டேன் என்று பிரேக்கையும் கழற்றினார். உள்ளே லைனிங் தேய்ந்து ரிவிட் ஆணி வெளியே தெரிந்தது. பழைய பழுதுகளைக் காட்டச் சொன்னார். கம்ப்யூட்டரைத் திறந்தபோது நீ சேர்த்து வைத்த பக்கம் வந்தது. நின்றபடியே இரண்டு முறை படித்தார். "இத எழுதினவங்க எங்க?" என்றார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். எல்லா மெஷின்களின் பிரேக்கையும் மாற்றினார்கள். அடுத்த மாதத்திலிருந்து மூன்று ஏடுகளையும் பக்கம் பக்கமாக வைக்கும் உன் தாளே கம்பெனியின் படிவம் ஆயிற்று. மேலே கம்பெனி முத்திரை இருந்தது. உன் பெயர் இல்லை.

நீ எழுதிக்காட்டியபோது கிடைக்காத காது, ஸ்பேனருக்குக் கிடைத்தது. இதற்கு நான் என்ன சொல்வது? தெரிந்துகொள்வதற்கு எல்லாம் கையிலேயே இருந்தது. தெரிந்துகொள்ளத்தான் ஆளில்லை.

ஆறு மாதம் நீ என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயே வீட்டுக்கு வந்தாய். என் சின்னவள் கொடுத்த காபியைக் குடித்தாய். கடைத்தெருவில் நடந்தபோது என்னை உன் வலது பக்கம் வரச் சொன்னாய். "இந்தப் பக்கம் ஒண்ணும் கேக்கல," என்று ஏதோ வளையல் தொலைந்தது போலச் சொன்னாய். பிரியும்போது, "உன் பயம் எனக்குப் புரியுதுடி. அந்த வரிய மட்டும் அப்படியே உட்டுடாத," என்றாய். சரி என்றேன். செய்யவில்லை.

அடுத்த வருஷம் ஒரு சாயங்காலம், நெடுஞ்சாலையில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்த உன்னை லாரி அடித்தது. அந்த இடத்திலேயே போய்விட்டாய். உன் அண்ணன் போலீஸ் தாளை என்னிடம் காட்டி, "படிச்சி சொல்லுமா," என்றார். இடது பக்கமாக முந்த வந்த லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தானாம். ஸ்கூட்டர் ஓட்டியவர் விலகவில்லையாம். கடைசி வரியில் அதே வார்த்தை இருந்தது, கவனக்குறைவு.

அந்த வார்த்தையைப் பார்த்ததும் உன் அண்ணன் வீட்டு வாசலிலேயே வாந்தி எடுத்தேன். உனக்கு இடது காது கேட்காது என்பது போலீஸ் தாளில் இல்லை. ஏன் கேட்காது என்பது என் நோட்டில் இல்லை. அந்த அடிகளுக்கும் இந்த லாரிக்கும் இடையில் இருந்த ஒரே ஆள் நான். நான்தான் அந்த வழியை அடைத்துவைத்திருந்தேன்.

மறுநாள் அலமாரியில் கிடந்த பழைய நோட்டை எடுத்தேன். அந்த வரியைக் கோடு போட்டு அடித்தேன். கீழே எழுதினேன்: 'இவரை மேனேஜர் மூன்று முறை அறைந்தார். இடது காதுச் சவ்வு கிழிந்தது. நான் பார்த்தேன். முன்பு எழுதியது பொய். எழுதியவள் நான்.' கையெழுத்துப் போட்டேன். ஒரு நகலை உன் அண்ணனிடம் கொடுத்தேன், ஒன்றைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அனுப்பினேன், இன்னொன்றை மேனேஜரின் மேஜையில் அவர் கண்ணெதிரே வைத்தேன். அவர் எழுந்து வந்தார். அன்று நானும் அடி வாங்குவேன் என்றுதான் நினைத்தேன். "வெளிய போ," என்று மட்டும் சொன்னார். விசாரணை நடந்தது. அவர் ஜெயிலுக்குப் போகவில்லை, வேறு ஊருக்குப் போனார். எனக்கு வேலை போயிற்று. உன் சாவுக்காக உன் அண்ணன் போட்ட வழக்கில் அந்தத் தாள் சாட்சியாக நிற்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை. அதற்குள் உன் அம்மா என்னை ஒருமுறை கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த அழுகைக்கு எனக்குத் தகுதி இல்லை.

தேவி இடது கையால் எழுதப் பழகி, இப்போது ஒரு மருந்துக்கடையில் இருக்கிறாள். உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாள். நான் வற்புறுத்துவதில்லை.

இங்கே, எனக்கு வேலை கிடைத்த புதிய தொழிற்சாலையில், எல்லாமே பெரிய திரையில் வருகிறது. நான் அதையும் பார்க்கிறேன். ஆனால் தினமும் வீட்டுக்குக் கிளம்பும் முன் என் காயப் பதிவையும், பழுதுப் பதிவையும், ஓடிய வேலையையும் ஒரே தாளில் கையால் எழுதிப் பார்க்காமல் எழுந்திருப்பதில்லை. வருகிறவர்களிடம், "இன்னா ஆச்சி, நீயே சொல்லு," என்று கேட்டு அவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன். கட்டம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு மெஷினின் வரிசையில் இரண்டு சின்னக் கீறல்களும் ஒரு சென்சார் பழுதும் அடுத்தடுத்து நின்றன. கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்தவேண்டிய சென்சார் அது. திரையில் எல்லாம் பச்சைதான். சூப்பர்வைசரிடம் சொன்னேன். ஷிஃப்ட் முடியட்டும் என்றார். நேரே போய் சிவப்புப் பொத்தானை நானே அழுத்தினேன். அவர் கத்திக்கொண்டே வந்து என் தோளைப் பிடித்துத் தள்ளினார். முழங்கை இரும்பில் இடித்துத் தோல் உரிந்தது. நான் பொத்தானை விட்டு நகரவில்லை. "இன்னொரு தபா தள்ளுங்க. அதையும் எழுதுவேன்," என்றேன். என் குரல் உன்னுடையது போல இருந்தது.

ஃபிட்டர்கள் வந்து கழற்றிப் பார்த்தார்கள். வெறும் தூசுதான் என்றார் ஒருவர். ஒரு நாள்கூடத் தாங்கியிருக்காது என்றார் இன்னொருவர். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. இனிமேலும் தெரியப்போவதில்லை.

அந்த மெஷினில் நின்ற பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எனக்கு ஒண்ணும் ஆவலையே சிஸ்டர், எதுக்கு நிறுத்துனீங்க?" என்றாள்.

அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். பத்து விரலும் சூடாக இருந்தன.

"ஆமாம்மா," என்றேன். "ஒண்ணும் ஆவல."