புளியமரத்துக்குப் பின்னால் பதுங்கினவர்

ஐப்பசி 3, திங்கள்

காலையில தூறல். லஸ் வண்டி ஸ்டாண்டுல ஒரே சேறு. பண்டிதர் இந்த டைரியக் குடுத்தார், முன்பக்கம் நாலு கிழிஞ்சது. "மூணாங்கிளாஸ் படிச்சிருக்கியே, எழுதிப் பாரேன்"னார். அகராதி எழுதுற ஆபீஸ்ல அவருக்கு வேலை. தினம் என் ஜட்கால சாந்தோம் வழியா போவார். வழியெல்லாம் ஏதாவது ஒரு சொல்லைக் கேட்டுத் துண்டுச் சீட்டுல குறிச்சுப்பார்.

இன்னிக்குக் கேட்டது: "பதுங்கறதுன்னு நீ எப்போடாப்பா சொல்லுவே?"

"மீனு வாங்கியாந்தா பூனை பதுங்கும் சாமி. வாங்காம வந்தா நான் பதுங்குவேன்."

சிரிச்சார். "பூனை பிடிக்கறதுக்கு, நீ தப்பிக்கறதுக்கு. பேஷ்." ரெண்டையும் எழுதிக்கினார்.

சாயங்காலம் என் குதிரை ராஜாத்தி முதுகுல சேணத்த அவுத்தேன். புண்ணு. கால் ரூபா அகலம்.

ஐப்பசி 4, செவ்வாய்

மழை இல்ல. வண்டி பூட்டல. வூட்டுக்காரி கன்னியம்மா புண்ணுக்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும் வச்சா. "எனக்குக் காலு வெந்தப்போ இப்படிப் பாத்தியா?"ன்னேன். "நீ இன்னா குதிரையா?"ன்னா. நியாயம்தான்.

ஸ்டாண்டுல பேச்சு. குதிரைப் புண்ணு பாக்குற இன்ஸ்பெக்டர் சாந்தோம் புளியமரத்துக்குப் பின்னால சைக்கிளோட பதுங்கிக்கினு கீறாராம். நேத்து புண்ணோட வண்டி இழுத்த ஒரு குதிரைய ஆஸ்பத்திரிக்குப் புடிச்சிக்கினு போய்ட்டாங்க. ஆறாத புண்ணுன்னா சுட்டுடுவாங்களாம்.

பக்கத்து வண்டிக்காரர் காதர் பாய் சொன்னார்: "கவலப்படாதே நைனா. நீ வண்டி பூட்டுற அன்னிக்கு நான் முன்னால போறேன். மரத்தாண்ட ஆள் இருந்தா என் வண்டியக் குறுக்கால நிறுத்தி மறைச்சிக்கிறேன். நீ இந்தப் பக்கமா வுட்டுக்கினு போய்டு."

நல்ல மனுஷன். அவர் வண்டிப் பின்னால தொங்குற புல்லுக்கட்டுல ஒரு வாய் இழுக்கறதுக்கு ராஜாத்தியப் பழக்கினதே நான்தான். பாய் வண்டி நின்னா இவளும் நிப்பா, இழுப்பா. பாய் கத்துவார். ஸ்டாண்டே சிரிக்கும்.

ஐப்பசி 6, வியாழன்

வெயில். பண்டிதர் வாசல்ல வந்து நின்னார். முழங்கால் வீக்கம், ஆபீஸுக்கு யாரோ பெரியவங்க வராங்களாம். "இன்னிக்கு ஒரு நாள்டாப்பா."

புண்ணு காஞ்ச மாதிரி இருந்தது. துணிய மடிச்சு சேணத்துக்கு அடியில வச்சேன். கன்னியம்மா பாத்துக்கினே வேப்பெண்ணெய்க் கிண்ணத்தக் கழுவினா. தடுத்திருக்கலாம்.

மாதா கோயில் தாண்டினதும் காதர் பாய் வண்டி குறுக்கால. அதுக்கு அந்தாண்ட மரம். மரத்தோரம் காக்கித் தொப்பி நுனி. பாய் கையக் காட்டினார், போ போ.

ராஜாத்தி நின்னுட்டா. கழுத்த நீட்டிப் புல்லுக்கட்டுல வாய வச்சா.

சாட்டைய ஓங்கினேன். அடிக்க மனசு வரல. பாய் இறங்கி வந்து, "வாணாம்மா, போம்மா, அப்பறம் தரேம்மா"ன்னு கெஞ்சினார். எப்பவும் திட்டுற மனுஷன்.

இன்ஸ்பெக்டர் நடந்தே வந்தார். ஓடக்கூட வேண்டியிருக்கல. துணியத் தூக்கினார். ஈரம்.

"இன்னாய்யா இது?"

"சேணம் கடிச்சிடுச்சி சார். வூட்ல என்னையும்தான் கடிக்கிறாங்க, அதுக்குக் கேஸ் உண்டா?"

யாரும் சிரிக்கல. "நான்தான் பூட்டச் சொன்னேன்"னார் பண்டிதர். இன்ஸ்பெக்டர் ராஜாத்திய அவுத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கினு போய்ட்டார். வாயில புல்லு தொங்கத் தொங்கப் போனா. வண்டிய நானும் பாயும் இழுத்துக்கினு வந்தோம்.

ஐப்பசி 8, சனி

ஆஸ்பத்திரி. உள்ள வுடல. காவக்காரன்: "நேத்து நீ கேட்டாண்ட நின்னு கத்தினே இல்ல? உன் கொரலக் கேட்டு கயித்த இழுத்துச்சி. புண்ணு பொளந்துக்கிச்சி. வராதய்யா. திங்கக்கெழம டாக்டர் பாப்பாரு. ஆறியிருந்தாக் குடுப்பாரு."

ஆறலன்னா? அவன் பீடி பத்த வச்சான்.

மதிலோரம் குந்திக்கினேன். செங்கல் பேந்த ஓட்டை வழியா வாலு மட்டும் தெரியுது. இருமல் வந்தது. துண்டைக் கடிச்சிக்கினேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

தூறல். மறுபடி மதில். பண்டிதர் தேடிக்கினு வந்துட்டார்.

"இங்கே என்னடாப்பா பண்றே?"

"பதுங்கிக்கினு கீறேன் சாமி. எழுதிக்கோங்க."

சீட்டை எடுத்தார். எழுதல. அந்த முழங்காலோட பக்கத்துல உக்காந்துட்டார்.

காதர் பாய் புல்லுக்கட்டோட வந்தார். காவக்காரன் உள்ள கொண்டுபோய்ப் போட்டான். எந்திரிச்சு மதிலுக்கு மேல எட்டிப் பாத்தோம். ராஜாத்தி மோந்து பாத்தா. திங்கல. தலையத் தூக்கி எங்க பக்கமாத் திரும்பினா.

மூணு பேரும் குனிஞ்சிக்கினோம்.