வெடிக்கும் முன்பே தாழும் கை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

நான் வேலை பார்க்கும் துப்பாக்கி ரிப்பேர் கடையில் நேற்று ஒரு வேடிக்கை. "குண்டு கீழேயே போகுது, துப்பாக்கி சரியில்ல" என்று ஒருவர் ஒரே சண்டை. மேசையில் மணல்மூட்டைமேல் கையை ஊன்றி நான் சுட்டேன், குறி தப்பவில்லை. பிறகு அவருக்குத் தெரியாமல் மருந்தில்லாத தோட்டாவைப் போட்டுக் கொடுத்தேன். வெடிக்கவே இல்லை. ஆனாலும் சத்தத்துக்குப் பயந்து அவர் கை முன்கூட்டியே தாழ்ந்தது. அவரே சிரித்துவிட்டார்.

மணல் நிரப்ப, உன் பழைய பருத்திப் புடவையில் இரண்டு பை தைத்து அனுப்பு. இங்குள்ள சாக்கு கையை அறுக்கிறது.

முதலாளி கூப்பிடுகிறார். போன வாரம் நீ, "ஏண்டி, பேசிட்டிருக்கும்போதே டக்குன்னு போனை வச்சிடறே?" என்று கேட்டாயே. "வைக்கட்டுமா" என்று நீ சொல்லிவிடுவாயோ என்றுதான் அம்மா, என் கை முந்திக்கொள்கிறது.

உன் மகள்