இரண்டாவது கணினி

14 அக்டோபர் 2002

செம்மேட்டு பிரவுசிங் சென்டரில் எனக்கொரு மின்னஞ்சல் முகவரி திறந்தாயிற்று. அறுபத்தெட்டு வயதில், மூன்றாவது முயற்சியில், கடவுச்சொல்லைப் பிழையின்றி அடித்தேன். சென்டரை நடத்தும் அம்சவேணி, “பரவால்லீங்களே டீச்சரம்மா, போன வாரம் வந்த வாத்தியாரு இன்னும் மவுசைத் தலைகீழாத்தான் புடிக்கிறாருங்க” என்றாள். கல்லூரியில் முப்பத்தோராண்டுகள் வரலாறு கற்பித்தவளை விரிவுரையாளர் என்று இந்த மலையில் எவரும் சொல்லப்போவதில்லை.

21 அக்டோபர்

எதைத் தொட்டாலும் அதன் வரலாற்றைப் படிப்பது என் வழக்கம். நாமக்கல் நூலகத்திலிருந்து இணையம் பற்றிய நூல் வந்தது. 1969இல் முதல் செய்தியை அனுப்பியபோது இரண்டு எழுத்துகள் போனதும் இயந்திரம் நின்றுவிட்டதாம். நம்பத்தகுந்த தொடக்கம். செய்தியைத் துண்டுகளாக்கி, ஒரு வழி அடைபட்டால் மறு வழியில் அனுப்புகிறார்கள். அடிக்கோடிட்டுக் குறித்துக்கொண்டேன்.

28 அக்டோபர்

பக்கத்துக் காட்டு அத்தாயி மகளுடன் வந்தாள். பூங்குழலி நர்சிங் பட்டயம் முடித்து ஒன்றரை ஆண்டாக வீட்டில் இருக்கிறாள். சென்னை மருத்துவமனை ஒன்றில் ஓராண்டுப் பயிற்சி. முடித்தால் அங்கேயே வேலை. விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்டிருந்தார்கள். என்னுடையதை எழுதினேன்.

“வேல தேடறது தை வரைக்குந்தான்னு சொல்லிப்போட்டாருங்க இவங்கப்பா. அப்பறம் மரவள்ளிக் காடுதானாம்” என்றாள் அத்தாயி. சின்னுசாமி சொன்னதை மாற்றுகிற ஆள் அல்ல.

2 நவம்பர்

இரண்டாவது கணினியில் யாரோ உட்கார்ந்திருந்ததால் ஒரு மணி நேரம் காத்திருந்தேன். முதலாவது காலியாகத்தான் இருந்தது. “இதுல உக்காருங்களேன்” என்றாள் அம்சவேணி. என் முகவரியைத் திறந்தது இரண்டாவதில். என் கடிதம் முதலாவதில் எப்படி இருக்கும்? மறுத்துவிட்டேன்.

9 நவம்பர்

பதில் இல்லை.

12 நவம்பர்

தம்பி அருணாசலத்தின் பேரனுக்குக் காதுகுத்து. நாளை மலையிறங்கிப் பேளுக்குறிச்சி போகவேண்டும். பூங்குழலி வந்து, “நீங்க வர்ற வரைக்கும் நான் போயித் தொறந்து பாக்கட்டுங்களா?” என்று கேட்டாள். என் பெயருக்கு வரும் கடிதத்தை நான்தான் திறப்பேன் என்றேன். இரண்டு நாளில் என்ன ஆகிவிடும்?

14 நவம்பர்

இரவெல்லாம் மழை. மலையடிவாரத்தில், காரவள்ளிக்கு மேலே பாதையில் மண் சரிந்துவிட்டது. பஸ் இல்லை. பேளுக்குறிச்சியில் தொலைபேசியும் இல்லை.

16 நவம்பர்

வாசலுக்கும் கூடத்துக்கும் நான் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்து அருணாசலம் சொன்னான்: “ஏக்கா, நாமக்கல்லுல கம்ப்யூட்டர் கடை நாலு இருக்குது. அங்க போயிப் பாத்துட்டு வர வேண்டீதுதானே?”

கடிதம் செம்மேட்டில் இருக்கிறது. நாமக்கல்லில் போய் எதைப் பார்ப்பது? பத்தாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு விளக்கிப் பயனில்லை.

18 நவம்பர்

காரவள்ளி வரை போனேன். மூன்றாவது வளைவில் ஆளுயர மண். நடந்தே ஏறிவிடுகிறேன் என்றேன். மண் வாரிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். “ஏனுங்கம்மா, இந்த வயசுல அப்பிடி என்னங்க அவசரம்?”

“ஒரு கடிதம் படிக்கவேண்டும்.”

“கடுதாசி எங்கீங்க போயிரும்? அங்கயேதான் கெடக்கும், போங்க” என்று சிரித்தார். திரும்பி வந்தேன்.

19 நவம்பர்

காலையில் தொலைபேசி உயிர்பெற்றது. அம்சவேணியைப் பிடித்து, இரண்டாவது கணினியை எவரையும் தொடவிடாதே என்றேன்.

“அய்யோ டீச்சரம்மா! அது இந்தப் பொட்டிக்குள்ள இல்லீங்க. எந்த ஊருல, எந்தப் பொட்டியில வேணாலும் தொறக்குமுங்க. அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தீங்களா இத்தன நாளா?”

நாமக்கல் பஸ் ஒரு மணி நேரம். கணினியைத் திறக்க இரண்டு நிமிடம். கடிதம் 15ஆம் தேதியே வந்திருக்கிறது. தேர்வாகிவிட்டாள். இசைவை 18ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் தெரிவிக்கவேண்டும்.

நேற்று. நேற்று மாலை ஐந்து மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

அறிவுகெட்டவளே! ஒரு வழி அடைச்சா மறு வழின்னு கோடு போட்டுப் படிச்சியே, எதுக்குடி படிச்சே? அந்தப் பிள்ளை கேட்டாளே, குடுத்தா என்ன கொறஞ்சு போயிருக்கும் உனக்கு? பத்தாவது படிச்சவன் சொன்னானே!

ஒற்றை விரலால் ஆங்கிலத்தில் நான்கு வரி அடித்தேன். தாமதம் விண்ணப்பதாரருடைய பிழையன்று; கடிதம் ஒரே கணினிக்குள் இருப்பதாக நம்பிய என்னுடையது; அவரைத் தண்டிக்கவேண்டாம். சாலை அடைபட்டதை எழுதவில்லை. நாமக்கல்லுக்குச் சாலை திறந்தேதான் இருந்தது.

22 நவம்பர்

பாதை திறந்தது. நேரே அத்தாயி வீட்டுக்குப் போய், நடந்ததை நடந்தபடி சொன்னேன். சின்னுசாமி எழுந்து வெளியே போய்விட்டார். அத்தாயி, “நீங்க வேணும்னுங்களா செஞ்சீங்க, உடுங்க” என்றாள். திட்டியிருக்கலாம். பூங்குழலி மட்டும் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: “நான் தொறந்து பாக்கட்டான்னு கேட்டனுங்களே?”

கடவுச்சொல்லைத் தாளில் எழுதி அவளிடம் கொடுத்தேன்.

25 நவம்பர்

அவளே போய்ப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

30 நவம்பர்

ஒன்றுமில்லை. சின்னுசாமி என்னைக் கண்டால் வரப்பு மாறி நடக்கிறார்.

4 டிசம்பர்

பதில் வந்தது. இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. பத்தாம் தேதிக்குள் யாராவது சேராமற்போனால், காத்திருப்போரில் இவள் பெயர் முதலாவது. முன்பின் அறியாத ஒரு பெண் சேராமல் இருக்கவேண்டும் என்று ஆறு நாள் விரும்பப்போகிறேன். வெட்கக்கேடு. விரும்பத்தான் போகிறேன்.

11 டிசம்பர்

பூங்குழலி மழையில் நனைந்தபடி வந்து நின்றாள். “ஒருத்தி வரலீங்களாமா.” இசைவை அவளே அனுப்பிவிட்டுத்தான் வந்தாளாம், என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆங்கிலத்தைத் திருத்தியிருப்பேன், அதற்குள் மின்சாரம் போயிருக்கும்.

12 ஜனவரி 2003

சென்னையிலிருந்து மின்னஞ்சல். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள்; புரிய இரண்டு முறை படிக்கவேண்டியிருந்தது. விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லையாம். முதன்முதலாக இருதய அறுவை அரங்குக்குள் நின்றாளாம், மயங்கவில்லையாம். கடைசியில்:

“எனக்குன்னு ஒரு அட்ரஸ் தொறந்துட்டேனுங்க. இனிமே ஆஸ்பத்திரிக் கடுதாசி எல்லாம் அதுக்கே வரும். உங்க பாஸ்வேர்டு எனக்குத் தெரியுமில்லீங்களா, மாத்திக்குங்க டீச்சரம்மா.”

மாற்றும் முறையை அம்சவேணி காட்டினாள். பார்த்துக்கொண்டேன். பழையதே இருக்கட்டும் என்று எழுந்தேன்.