அட்டை கடிக்காத கால்

அட்டையே தொடாத மனுஷன் என்று வண்டன்மேடு முழுக்கப் பேரெடுத்த என் அப்பாவுக்கு,

இரண்டு மழைக்காலம் தாமதமாக எழுதுகிறேன். நீங்க போனப்ப என் வயிற்றில் எட்டு மாசமாக இருந்தவள் இப்ப ஓடுகிறாள். தர்ஷினி என்று பேர் வச்சிருக்கோம். மூக்கு அப்படியே உங்க மூக்கு. அம்மாவுக்கு அதில் சந்தோஷம். எனக்குத்தான் பயம். மூக்கு மட்டும்தான் வந்திருக்கா, வேற ஏதாவதும் சேர்ந்து வந்திருக்கான்னு.

மாசமா இருந்தப்ப எனக்குச் சுகர் இருக்குன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? "எங்கிட்ட இருக்கற சொத்து இது ஒண்ணுதான் தாயி. பத்திரமா வச்சுக்க." எல்லாரும் சிரிச்சோம்.

அட்டைக்கும் சிரிச்சோமே அப்பா. மழை பிடிச்சால் ஏலக்காட்டுக்குள் போற அத்தனை பேரும் மூக்குப்பொடியையும் சோப்பையும் குழைச்சு முழங்கால் வரை பூசுவாங்க. அப்படியும் ஆளாளுக்குச் சொறிஞ்சுகிட்டே வருவாங்க. நீங்க மட்டும் ஒண்ணும் பூசாமல் போய், ஒண்ணும் நடக்காதவர் மாதிரி வருவீங்க. "மாணிக்கம் ரத்தம் அவ்ளோ இனிப்பு. அட்டைக்கே திகட்டுது" என்று உங்க கூட்டாளிகள் கேலி பண்ணுவாங்க. சுகர் இருக்கறவனை அட்டை அண்டாதுன்னு லயத்து வீடுகளில் பாதிப் பேர் நிஜமாகவே நம்பினாங்க. நானும்தான். கல்லூரியில் விலங்கியல் படிச்சு, ரெக்கார்டு நோட்டில் அட்டையை வரைஞ்சு மார்க் வாங்கினவள்.

உங்க சாக்ஸைத் துவைச்ச அம்மாவுக்கு மட்டும் தெரியும், தண்ணி சிவப்பாகப் போனது. அட்டை உங்களையும் கடிச்சுகிட்டுதான் இருந்திருக்கு. உங்களுக்குத்தான் தெரியலை.

நீங்க போன அன்னிக்குக் காலையிலும் அப்படித்தான், உங்களுக்கு ஒண்ணும் தெரியலை. பூட்ஸில் ஒரு காலை விட்டபடி வாசற்படியில் உட்கார்ந்துட்டீங்க. அந்தக் குளிரிலும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல தாயி, வாயு. ஒரு சுக்குக் காப்பி போடு."

போட்டேன். பாதி குடிச்சு, இப்ப தேவலைன்னீங்க. இன்னொரு தம்ளரும் போட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் ஜீப்பைக் கூப்பிட்டோம். கட்டப்பனை ஆஸ்பத்திரி வரைக்கும் நீங்க தாங்கலை.

கேட்கிறவங்களுக்கெல்லாம் அம்மா "சுகர்ல போயிட்டாரு" என்றாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் மாரடைப்பு என்று இருந்தது. நான் இரண்டையும் நம்பவில்லை. நெஞ்சைப் பிடிக்காத மனுஷனுக்கு மாரடைப்பு எப்படி வரும்? யாரிடம் போய்க் கேட்க?

பிரசவம் முடிந்து ஆறு வாரத்தில் சுகர் பார்க்கச் சொல்லியிருந்தாங்க. போகலை அப்பா. குழந்தைக்குக் காய்ச்சல், மழை, ஜீப் இல்லை, இப்படித் தினம் ஒரு சாக்கு. அதற்குப் பதிலாகக் குளிக்கும்போதெல்லாம் கால் பெருவிரலைக் கிள்ளிப் பார்ப்பேன். வலித்தால், சரி, இன்னிக்குத் தப்பிச்சேன்.

போன வியாழக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு சுகாதார சப் சென்டருக்குப் போனேன். அம்மாவுக்கும் சுகர் வந்து நாலு வருஷம் ஆச்சே. அங்கே கால் சோதிக்கிறாங்கன்னு சொன்னாங்க. கண்ணை மூடிக்கணும். நர்ஸ் ஒரு நைலான் நூலால் பாதத்தைத் தொடுவாங்க, தெரிஞ்சால் 'ஆமா' சொல்லணும். அம்மா கண்ணை மூடினதுமே ஆரம்பிச்சுட்டாள், "ஆமா... ஆமா... ஆமா..."

"அம்மே, ஞான் இதுவரை தொட்டதே இல்ல!" மலையாளத்து நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கலை.

"நல்ல பதில் சொன்னா விட்டுருவீகன்னு பாத்தேன்" என்றாள் அம்மா.

மறுபடி சோதிச்சாங்க. இடது காலில் இரண்டு இடத்தில் அம்மாவிடம் பதிலே இல்லை. நூல் வளையற அளவுக்கு அழுத்தினாங்க, அப்பவும் அம்மா காத்துகிட்டே இருந்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "அப்ப உங்கப்பாவுக்கும் இதேதானாடி?"

அப்பத்தான் உங்க கதையை நர்ஸிடம் முழுசாகச் சொன்னேன். சுக்குக் காப்பி உட்பட.

"சுகர் நேரா ஆளைக் கொல்றது குறைவு மோளே" என்றாங்க. "ஹார்ட், கிட்னி, காலில் ஆறாத புண், இது வழியாத்தான் கொண்டு போகும். அதிலயும் ஹார்ட்தான் கூடுதல். ரொம்ப நாள் சுகர் இருந்தா சிலருக்குக் கால் மரத்துப் போற மாதிரி நெஞ்சு வலியும் தெரியாது. வேர்க்கும், மூச்சு வாங்கும், வாயுன்னு தோணும். மோள் சின்னப் பொண்ணு, எப்படித் தெரியும்?"

சீட்டும் சரி, அம்மா சொன்னதும் சரி. இரண்டும் ஒரே சாவுதான். எனக்கு அழுகை வந்தது. ஆனால் பழைய அழுகை இல்லை அப்பா, ஏதோ கட்டு அவிழ்ந்த மாதிரி. "முன்னாடியே பாத்துகிட்டா இதெல்லாம் தள்ளிப் போகும். எத்தனையோ பேர் பேரன் கல்யாணம் வரைக்கும் இருக்காங்க" என்றும் சொன்னாங்க. அந்த வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அங்கிருந்து கிளம்பும் முன்னால் அம்மா ஒரு காரியம் செய்தாள். என் கையைப் பிடிச்சு மேஜைமேல் வச்சாள். "எம் பேத்திக்கு அம்மா வேணும். நீட்டுடி."

நீட்டினேன். அங்கே விரலில் குத்திப் பார்த்துவிட்டு, மறுநாள் வெறும் வயிற்றில் ஆய்வகத்துக்கு அனுப்பினாங்க. முடிவு வந்தது. சுகர் இன்னும் வரலை, வர்ற பாதையில் நிற்கிறேனாம். சோற்றைக் குறைச்சு, தினமும் நடந்தால் திரும்பி வரலாமாம். அம்மாவுக்கு ஈசிஜியும் எடுத்தாச்சு, ஒண்ணும் பயமில்லை. அவள் மாத்திரையை இப்ப நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

உங்க சவரக் கண்ணாடிக்குப் புது வேலை வந்திருக்கு. அம்மா காட்டிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றியதும் தர்ஷினி அதை ஓடிப்போய் எடுத்து வருவாள். பாதத்துக்கு அடியில் பிடிச்சு, கீறல் இருக்கா, அட்டை இருக்கான்னு பார்ப்போம். நேற்று ஒன்று இருந்தது. "ஆச்சி, பூச்சி!" என்று முதலில் கத்தினது உங்க பேத்திதான். அம்மா திட்டிக்கொண்டே சிரிச்சாள்.

ஒரு வாக்கு தருகிறேன் அப்பா. இந்த வீட்டில் இனி யாராவது வேர்த்துப்போய் உட்கார்ந்து "வெறும் வாயுதான்" என்று சொன்னால், நான் அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன். ஜீப்பைக் கூப்பிடுவேன். நானே சொன்னாலும் கூப்பிடணும்னு என் வீட்டுக்காரரிடமும் சொல்லி வச்சிருக்கேன்.

உங்க சொத்தை வாங்கிக்கொள்ள மறுத்து நிற்கும்,
உங்க ஒரே மகள்,
கவிதா